ஷெல் வழக்கு: 45 என்ற எண் எங்கே விழுந்தது?

2021 மே 26. நெதர்லாந்தின் ஹேக் மாவட்ட நீதிமன்றம் ஷெல் நிறுவனத்துக்கு ஒரு டார்கெட் கொடுத்தது. 2019 அளவிலிருந்து 2030-க்குள் கார்பன் உமிழ்வை நிகரமாக 45 சதவீதம் குறைக்க வேண்டும். வழக்குப் போட்டது மிலியுடிஃபென்ஸி என்ற சூழலியல் அமைப்பு. கூடவே வேறு 6 அமைப்புகள், 17,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள். யாரும் நஷ்டஈடு கேட்கவில்லை. பிசினஸ் பிளானையே மாற்றச் சொன்னார்கள்.

சிக்கல் எங்கே? ஷெல்லின் சொந்தக் கிணறுகளிலும் ஆலைகளிலும் இருந்து வரும் புகை கொஞ்சம்தான். கணக்கில் சுமார் 95 சதவீதம், அது விற்கும் எரிபொருளை வாங்கியவர்கள் எரிக்கும்போது வருவது. இதைத்தான் ஸ்கோப் 3 என்கிறார்கள். அதாவது, நீங்க பைக் ஓட்டுற புகைக்கு பங்க் ஓனர் பொறுப்பா என்ற கேள்வி.

2024 நவம்பர் 12-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சொந்தப் புகையைக் குறைப்பதில் ஷெல் ஏற்கெனவே சரியான பாதையில் இருக்கிறது என்றது. ஸ்கோப் 3-ல், உலகம் முழுமைக்குமான சராசரியை ஒரே கம்பெனியின் தலையில் அப்படியே கட்ட முடியாது என்றது. ஷெல் விற்காவிட்டால் அதே எண்ணெயை இன்னொருவர் விற்பார் என்ற வாதமும் எடுபட்டது. எண்களோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இந்தப் பகுதி நியாயமாகவே படுகிறது.

'ஷெல் வெற்றி' என்று அன்றைய செய்தி முடிந்தது. ஆனால் தீர்ப்பு அதோடு முடியவில்லை. ஆபத்தான காலநிலை மாற்றத்திலிருந்து பாதுகாப்பு ஒரு மனித உரிமை. அரசு விதி இருக்கோ இல்லையோ, உமிழ்வைக் குறைக்கும் கடமை ஷெல் போன்ற நிறுவனங்களுக்கு உண்டு என்று அதே நீதிமன்றம் சொன்னது. புதிய எண்ணெய், எரிவாயு வயல்களில் முதலீடு செய்வது இந்தக் கடமையோடு முரண்படலாம் என்றும் குறிப்பிட்டது.

அப்போ அழுத்தம் வேலை செஞ்சுதா? உடனடியாக இல்லை என்றுதான் சொல்லணும். மேல்முறையீடு நிலுவையில் இருந்த 2024 மார்ச்சிலேயே ஷெல் தன் 2030 கார்பன் அடர்த்தி இலக்கை 20 சதவீதத்திலிருந்து 15–20 எனத் தளர்த்தியது. 2035 இலக்கைக் கைவிட்டது.

மிலியுடிஃபென்ஸியும் விடவில்லை. 2025 பிப்ரவரியில் நெதர்லாந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு ஐஎன்ஜி வங்கி மீதும் காலநிலை வழக்குத் தொடுத்தது. இந்த முறை எண்ணெய் விற்பவர் இல்லை, கடன் கொடுப்பவர்.