செல்லுக்குள் ஒரு ஆடிட்டர்

கால்சியம் என்றதும் எலும்பும் பல்லும்தான் ஞாபகம் வரும். அது ஃபிக்ஸட் டெபாசிட் சார்! ஒவ்வொரு செல்லிலும் அதற்கு ஒரு கரண்ட் அக்கவுண்ட் ஓடுகிறது. பி.காம். படித்தவனால் சும்மா இருக்க முடியுமா?

செல்லுக்கு உள்ளே இருப்பதைப் போல் சுமார் 10,000 மடங்கு கால்சியம் வெளியே காத்திருக்கிறது. கதவு திறந்தால் திபுதிபுவென்று நுழையும். இதயம் துடிப்பதே இந்த வரவால்தான். வந்ததில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியா வாங்கிக்கொண்டு சக்தி உற்பத்தியைக் கூட்டுகிறது. ஆனால் அளவுக்கு மிஞ்சினால்? மாரடைப்பில் நின்ற ரத்தம் மறுபடி பாயும்போது கால்சியம் அங்கே குவிந்து, சவ்வில் ஓட்டை விழுந்து, செல்லே காலி! ஆகவே இந்தக் கணக்கு உயிர்க் கணக்கு.

சரி, கண்ணுக்குத் தெரியாததை எப்படி எண்ணுவது? 1961-ல் அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில் ஒசாமு ஷிமோமுரா ஜெல்லி மீன் சாற்றை சிங்க்கில் கொட்டினார். பளீரென்று நீல வெளிச்சம்! சிங்க்கில் கடல்நீர், கடல்நீரில் கால்சியம். அந்தச் சாற்றிலிருந்த எக்வோரின் என்ற புரதத்துக்கு மைட்டோகாண்ட்ரியா அட்ரஸ் ஒட்டி, 1992-ல் உள்ளே அனுப்பினார்கள் இத்தாலியின் ரிசூட்டோவும் போஸானும்.

இன்னொரு வழி, ஒளிரும் சாயம். ரோஜர் சியென் 1981-ல் சொன்ன தந்திரம்: சாயம் மாறுவேஷத்தில் செல்லுக்குள் நுழையும். உள்ளே நொதிகள் வேஷத்தைக் கலைத்துவிட, வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். அப்புறம் கால்சியத்தைப் பிடித்தால் ஒளிரும். ரோட்-2 என்ற சாயம் வேஷத்தோடு இருக்கும்போது பாசிட்டிவ். மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் நெகட்டிவ். தேடிப்போய் ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் இந்த ஆடிட்டருக்கு ஒரு கெட்ட பழக்கம். எண்ணுகிற பணத்தில் கொஞ்சம் தன் பாக்கெட்டில்! சாயம் பிடித்துவைத்த கால்சியம் செல்லுக்கு உதவாது. சாயம் ஜாஸ்தியானால் கணக்கே மாறிப்போகும். போதாக்குறைக்கு, கொஞ்சம் சாயம் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியிலேயே தங்கிப் பொய்க் கணக்கு எழுதும். விவரமான ஆராய்ச்சியாளர் சாயத்தைக் குறைத்துப் போடுவார். மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தையும் ஒருமுறை கெடுத்துப் பார்ப்பார். அப்போது வரவு நின்றாக வேண்டும். டேலி ஆனால்தான் கையெழுத்து.

வரவு உண்டு என்பது 1960-களிலேயே தெரியும். வரும் வாசலான எம்.சி.யூ. புரதம் அகப்பட்டது 2011-ல்தான். ஐம்பது வருஷம்! மார்ச் மாதக் கணக்கை ஜூன் வரை இழுத்துத் திட்டு வாங்குகிறவர்கள் தெம்பாக இருக்கலாம்.