பிள்ளை பெற்ற வீடு

சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதனுப்பிய பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். நாரையை அருகில் பார்த்தவர் யார் என்று கேட்டால் இரண்டு மூன்று கைகளே உயர்கின்றன. மயிலைக் கேட்டால் வகுப்பே சிரிக்கும். ரமணாசிரமத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்க்கு மயில் அண்டை வீட்டுக்காரர். ஆகவே ஒரு சனவரி விடியலில், செங்கம் சாலையிலிருந்து மாணவர்களோடு புறப்பட்டு, செஞ்சி, திண்டிவனம், மதுராந்தகம் வழியாக வேடந்தாங்கல் சென்றோம்.

ஏறத்தாழ முப்பது எக்டேர் பரப்புள்ள சிறிய ஏரி அது. நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எனக் கிளைதோறும் கூடுகள். கரையின் மறுபுறம் நெல்வயல்; அதற்கப்பால் ஊர். கண்ணுக்கு இனிய காட்சிதான். பறவைகள் கூட்டமாக எழும்பும் படம் ஒன்று வேண்டுமென்று மாணவர் ஒருவர் பலமாகக் கை தட்டினார். கரையில் மாடு ஓட்டிவந்த பெரியவர் நின்றார். கோபப்படவில்லை. "தம்பி, இது புள்ள பெத்த வூடு. கை தட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவரைத் தடுத்துக் கேட்க நமக்கு வாய் வரவில்லை. அம்மாணவருக்குக் கேமராவைக் கொடுத்து, நல்ல படம் எடுத்து வா என்று அனுப்பியவர்கள் நாங்களே.

தாங்கல் என்பது வடதமிழகத்தில் சிறு ஏரியைக் குறிக்கும் சொல். வேடனின் பெயரைத் தாங்கிய ஏரி பறவைகளின் புகலிடமானதில் ஒரு முரண் உண்டு. அந்த முரணை உண்டாக்கியவர்கள் உழவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள். அதில் அருள் மட்டுமில்லை, கணக்கும் இருந்தது. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த உறவு நீடிக்கிறது. 2022ஆம் ஆண்டு வேடந்தாங்கல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, ஊரார் என்றோ செய்துவிட்ட காரியத்திற்கு உலகம் காலந்தாழ்த்தி இட்ட கையொப்பம்.

சீனத்திலும் இதற்கு நிகரான கதை உண்டு. கொண்டை அரிவாள்மூக்கன் என்னும் பறவை அந்நாட்டில் அற்றுப்போனதோ என்று அஞ்சிய நிலையில், 1981இல் ஷான்சி மாகாணத்து யாங் மாவட்டத்தின் மலைக்கிராமங்களில் ஏழே ஏழு பறவைகள் கண்டறியப்பட்டன. அவை இரைதேடியது அங்கிருந்த நெல்வயல்களில். வேட்டைக்குத் தடை வந்தது. வயலில் பூச்சிமருந்து அடிப்பதை உழவர்கள் கைவிட வேண்டியிருந்தது. இன்று அவ்வினம் ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கிறது. அக்கிராமங்களின் அழகைப் படமெடுக்கச் செல்வோர், அந்த அழகுக்குள் ஓர் உழவரின் விட்டுக்கொடுத்தல் இருப்பதையும் பார்க்க வேண்டும். நம் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. அதுவும் அவ்வகையே.

இத்தகைய ஊர்களுக்குப் போகக் கூடாது என்பது நம் கட்சி அன்று. போக வேண்டும், பிள்ளை பெற்ற வீட்டிற்குப் போவதுபோலப் போக வேண்டும். குரலைத் தாழ்த்தி, சற்று நேரம் இருந்து, வீட்டாருக்குத் தொல்லையின்றித் திரும்ப வேண்டும்.

அதைவிட முக்கியமான கடமை திரும்பி வந்தபின் தொடங்குகிறது. வேடந்தாங்கல் ஏரி தொட்டில் மட்டுமே. அடுக்களை வெளியே இருக்கிறது. குஞ்சுகளுக்கு வேண்டிய நத்தையும் மீனும் சுற்றுவட்டார ஏரிகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் வருகின்றன. 2020இல் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்கும் யோசனை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது இக்காரணத்தால்தான். அடுக்களையை இடித்துவிட்டுத் தொட்டிலைக் காப்பதாகச் சொல்வதில் பொருளில்லை.

ரமணாசிரமத்தில் லட்சுமி என்னும் பசுவுக்கும், ஒரு மானுக்கும், காக்கைக்கும், நாய்க்கும் சமாதிகள் உள்ளன. அவற்றை வணங்கிவிட்டு வெளியே வருகிறவர்கள், நாமும் உட்பட, ஏரியைப் பார்த்தபடி மனை கிடைக்குமா என்று விசாரிக்கிறோம். எங்கள் பக்கத்து ஏரிகளிலும் நாரைகள் வந்து மேய்கின்றன. அவற்றின் வரத்துக்கால்வாய் எங்கே தொடங்குகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்கு விடை தெரியும்?

அடுத்த ஆண்டும் அந்தப் பாடலை நடத்துவோம். இம்முறை மாணவர்களை நூறு கிலோமீட்டர் அழைத்துச் செல்லும் முன்னர், நடந்தே போகக்கூடிய சமுத்திரம் ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வதாக இருக்கிறோம். கேமரா இல்லாமல்.