முதுகு வலிக்கு ‘கரண்ட்’ வைத்தால் போதுமா?

“பிசியோவுக்குப் போய் கரண்ட் வச்சுட்டு வர்றேன்.” திண்டுக்கல்லில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களிடம் இந்தப் பேச்சு சர்வ சாதாரணம். பூட்டுப் பட்டறையில் குனிந்து உட்கார்ந்து அரம் போடுகிறவர், சின்னாளப்பட்டியில் நாளெல்லாம் தறியில் இருப்பவர், வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகளில் ஷிப்ட் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் பெண்கள், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் லோடுமேன்கள் என்று முதுகையே மூலதனமாக வைத்துப் பிழைப்பவர்கள் இந்தச் சமவெளியில் ஏராளம். வலி வந்தால் முதலில் தைலம். அடுத்து மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை. பிறகு ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் கரண்ட்.

இப்போது அந்தக் கரண்ட் வீட்டுக்கே வந்துவிட்டது. செல்போன் அளவில் ஒரு கருவி, அதிலிருந்து இரண்டோ நான்கோ ஒயர், ஒயர் முனையில் தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டை. ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் தொடங்கி பல ஆயிரம் வரை விலை போகிறது. இதற்கு ‘டென்ஸ்’ என்று பெயர். தோல் வழியாக நரம்பைத் தூண்டும் மின்கருவி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. விளம்பரங்களோ ‘நிரந்தரத் தீர்வு’ என்கிற அளவுக்குப் போகின்றன. தினக்கூலிக்காரர் பல நாள் சம்பளத்தைக் கொடுத்து வாங்கும் பொருள் இது. எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்குவதே நல்லது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

முழங்காலில் இடித்துக்கொண்டால் கை தானாகவே அந்த இடத்தைப் பரபரவென்று தேய்க்கிறது. தேய்த்தால் வலி கொஞ்சம் குறைகிறது. ஏன்? 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். வலியைக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் மெல்லியவை, வேகம் குறைந்தவை. தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுபோகும் இழைகள் தடிமனானவை, வேகமானவை. இரண்டும் தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு கதவு போன்ற ஏற்பாடு இருக்கிறது. தொடு உணர்ச்சி அதிகமாக வந்தால் அந்தக் கதவு வலிக்கு ஓரளவு சாத்திக்கொள்கிறது. மூளைக்குப் போகும் வலிச் செய்தி குறைகிறது. இதற்குக் ‘கதவுக் கோட்பாடு’ என்று பெயர். பூட்டுக்குப் பேர்போன ஊருக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது.

அந்தத் தேய்த்தலை மின்சாரத்தால் செய்வதுதான் டென்ஸ். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மின் துடிப்புகளைத் தோல் வழியாக அனுப்புகிறது. ‘சுர்ர்ர்’ என்று எறும்பு ஊர்வது போன்ற உணர்வு வரும். வேகத்தைக் குறைத்து, விசையைக் கூட்டி வைக்கும் இன்னொரு முறையும் உண்டு. அப்போது தசை லேசாகத் துள்ளும். உடம்பே சுரக்கும் வலிநிவாரணிப் பொருள்களை இது கிளப்பிவிடுகிறது என்கிறார்கள்.

யோசனை என்னவோ மிகப் பழசு. மின்சாரம் என்ற பெயரே இல்லாத காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டு ரோமாபுரி மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கும் கீல்வாதத்துக்கும் மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனை உடம்பில் வைக்கச் சொன்னார். மீன் போய் பேட்டரி வந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. தேய்ந்த எலும்பையோ, விலகிய ஜவ்வையோ, பலம் இழந்த தசையையோ டென்ஸ் தொடுவதே இல்லை. அது செய்தியைத்தான் மட்டுப்படுத்துகிறது. செய்தி கிளம்பும் இடத்தில் எந்த மாற்றமும் நடப்பதில்லை.

ஆய்வுகள் சொல்வது

நாள்பட்ட முதுகு வலிக்கு டென்ஸ் வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இன்றைக்கும் பாடமாக இருக்கிறது. 145 நோயாளிகளை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். சிலருக்கு நிஜ டென்ஸ், சிலருக்கு மின்சாரமே வராத போலிக் கருவி. இரண்டு பக்கத்திலும் பாதிப் பேருக்கு உடற்பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நிஜக் கருவிக்கும் போலிக் கருவிக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைந்திருந்தது. கதை அதோடு முடியவில்லை. இரண்டு மாதம் போனதும் பெரும்பாலானோர் பயிற்சியை விட்டுவிட்டார்கள். கிடைத்த பலனும் போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்த முடிவுகளும் பெரிதாக மாறவில்லை. 2012இல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, நாள்பட்ட இடுப்பு வலிக்கான டென்ஸ் செலவை ஏற்பதை நிறுத்தியது. 2016இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, இடுப்பு வலிக்கு டென்ஸைக் கொடுக்க வேண்டாம் என்றது. நம்மூர் பிசியோதெரபி நிலையங்களில் அதிகம் வைக்கப்படும் ஐ.எஃப்.டி. என்ற கரண்ட்டையும் அதே பட்டியலில் சேர்த்தது. 2023 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு, நாள்பட்ட இடுப்பு வலிக்கென்றே முதன்முறையாக வெளியிட்ட வழிகாட்டுதலில் டென்ஸ், இடுப்புப் பெல்ட், இழுவை சிகிச்சை மூன்றையும் வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனநல ஆலோசனை, மசாஜ், தேவைப்பட்டால் சில வலி மாத்திரைகள் ஆகியவற்றைத்தான் அது பரிந்துரைக்கிறது.

மறுபக்கமும் இருக்கிறது. 2022இல் 381 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு பெரிய அலசல், டென்ஸ் வைத்திருக்கும்போதும் எடுத்த உடனேயும் வலி குறைகிறது, பெரிய பக்கவிளைவு இல்லை என்ற முடிவுக்கு வந்தது. அது முதுகு வலியை மட்டும் பார்த்தது அல்ல. எல்லா வகை வலிகளையும் சேர்த்துப் பார்த்தது.

இந்த முரண் ஏன்? கேள்வி வேறு என்பதால். ‘இப்போது, இந்த அரை மணி நேரம் வலி குறைகிறதா’ என்று கேட்டால் பலருக்கும் ஆமாம். ‘மூன்று மாதம் கழித்து இவர் நன்றாகக் குனிகிறாரா, வேலைக்குப் போகிறாரா’ என்று கேட்டால் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. மாத்திரை ஆய்வில் சர்க்கரை உருண்டையைக் கொடுத்து ஏமாற்றலாம். கரண்ட் ஆய்வில் அது சுலபம் இல்லை. ‘சுர்ர்’ என்று வராவிட்டால் நோயாளி கண்டுபிடித்துவிடுவார். கருவி மீதுள்ள நம்பிக்கையால் குறைந்த வலி எவ்வளவு, கரண்ட்டால் குறைந்தது எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

அப்படியானால் வீண் பொருளா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்கி வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்வதோடு ஒப்பிட்டால், அரை மணி நேரம் கரண்ட் வைப்பது எவ்வளவோ மேல். ஆனால் அந்த அரை மணி நேரத்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கருவியை ஒட்டிக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டால் எடுத்த கொஞ்ச நேரத்தில் வலி பழையபடி வந்து நிற்கும். வலி அடங்கியிருக்கும் அந்த நேரத்தில் நடக்கலாம். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்யலாம்.

நாள்பட்ட முதுகு வலியில் பாதி எதிரி பயம். ‘ஜவ்வு விலகிருச்சு, குனியவே கூடாது’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஸ்கேனில் ஜவ்வு பிதுங்கியிருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது. ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. இடுப்பு வலிகளில் சுமார் 90 சதவீதத்துக்கு இதுதான் காரணம் என்று ஒரு குறிப்பிட்ட நோயைக் காட்டவே முடியாது என்கிறது உலக சுகாதார அமைப்பு. அசையாமல் இருந்தால் தசை மெலியும், தசை மெலிந்தால் வலி கூடும். இந்தச் சுழலை உடைக்க ஒரு சின்ன உதவியாக டென்ஸ் பயன்பட்டால் பயன்படட்டும்.

வாங்குவதாக இருந்தால், முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் இரண்டு மூன்று முறை வைத்துப் பார்த்து, தனக்குக் கேட்கிறதா என்று தெரிந்துகொண்டு வாங்கலாம். 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. உரிம எண் அச்சிடாத டப்பாவைத் தொட வேண்டாம். வலிக்கு டென்ஸ், தசையைச் சுருக்கி விரிக்கும் கருவி வேறு, வெறும் மசாஜ் மெஷின் வேறு. ஆன்லைனில் மூன்றையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். சில நாள் இலவசமாகப் படுக்க வைத்துவிட்டு, பிறகு மெஷினைத் தலையில் கட்டும் கடைகளும் தமிழ்நாட்டுச் சிறு நகரங்களுக்குப் புதியவை அல்ல.

யார் வைக்கக் கூடாது?

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதன் பக்கமே போகக் கூடாது. கர்ப்பிணிகள் வயிற்றிலும் இடுப்பிலும் வைக்கக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், புற்றுநோய்க் கட்டி இருப்பவர்கள், காலில் ரத்தம் உறைந்திருப்பவர்கள் கேட்டுத்தான் வைக்க வேண்டும். கழுத்தின் முன்பக்கம், நெஞ்சு, புண் உள்ள தோல் ஆகியவற்றில் யாருமே வைக்கக் கூடாது.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உணர்ச்சி மரத்துப்போன தோலில் எவ்வளவு கரண்ட் போகிறது என்றே தெரியாது. ‘ஒண்ணும் தெரியலையே’ என்று கூட்டிக்கொண்டே போனால் தோல் வெந்துவிடும். தைலம் தேய்த்த இடத்தில் பட்டையை ஒட்டுவதும் தப்பு. ஒழுங்காக ஒட்டாமல், ஒட்டிய கொஞ்ச இடத்தில் மட்டும் கரண்ட் குவிந்து எரிச்சல் வரும். சோப்புப் போட்டுக் கழுவி, வியர்வை போகத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். வண்டி ஓட்டும்போதும் தூங்கும்போதும் வேண்டாம்.

இதைவிட முக்கியம், எந்த வலிக்குக் கரண்ட்டைத் தேடிப் போகவே கூடாது என்பது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தப்பினால், உட்காரும் இடம் மரத்துப்போனால், கால் பலம் இழந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதுகு வலியோடு மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் முதுகெலும்பில் காசநோயா என்று பார்க்க வேண்டும். இந்த நோய் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. கருவி வலியை மறைத்துக்கொண்டிருக்க, உள்ளே எலும்பு அரித்துக்கொண்டிருக்கும்.

கருவி இருக்கிறது, கைகாட்ட ஆள்?

பயிற்சிதான் மருந்து என்று உலக சுகாதார அமைப்பு சொல்லிவிடுவது எளிது. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும், ஒரு தடவை அல்ல, பல தடவை. தனியாரிடம் போனால் ஒவ்வொரு தடவைக்கும் பணம், அதோடு அன்றைய கூலியும் போகும். அதனால்தான் ‘நாமே ஒரு மெஷின் வாங்கிட்டா என்ன’ என்ற கணக்கு வருகிறது. கணக்கில் தப்பில்லை, வேறு வழி இல்லாதவரின் கணக்கு அது.

வழி அடியோடு இல்லாமலும் இல்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி சேர்க்கப்பட்டிருக்கிறது. பக்கவாதம் வந்து படுத்திருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டே வலியில் இருப்பவர் அவர்கள் வரும் பகல் நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நாலைந்து பேர் வேலை செய்யும் பூட்டுப் பட்டறைக்கும் வீட்டுத் தறிக்கும் அதுவும் இல்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் செய்கிறவரின் முதுகைப் பற்றி அந்தக் குறியீடு எதுவும் பேசவில்லை.

சுமையைக் குறைப்பதும் வைத்தியம்தான். ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் கூடிய சீக்கிரம் குறைக்க வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது 1967இல். தள்ளுவண்டியும், இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடையும் மார்க்கெட்டில் தடுக்கும் வலியை எந்தப் பேட்டரியாலும் அடக்க முடியாது.

அரசு உடனே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. 2023 ஜூனில் தமிழ்நாடு முழுக்க 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 மணி வரை, மாலை 4 முதல் 8 மணி வரை என்று வேலைக்குப் போகிறவர்களை மனதில் வைத்து நேரம் குறிக்கப்பட்டவை அவை. வாரத்தில் இரண்டு மாலைகளாவது இத்தகைய மையங்களில் ஒரு பிசியோதெரபிஸ்ட் உட்கார வேண்டும். அவரிடம் இரண்டு டென்ஸ் கருவிகளும் இருக்கட்டும். பட்டறை மூடிவிட்டு வருபவர் அங்கே வைத்துப் பார்த்து, கேட்டால் பயிற்சியோடு சேர்த்துத் தொடரலாம். கேட்காவிட்டால் கையிலிருக்கும் காசாவது மிஞ்சும்.