பழைய முகவரியில் கதவைத் தட்டும் கணினி

“டெர்மினலை மூடிவிட்டு மறுபடி திற, சரியாகிவிடும்.” புதிதாக ஒரு மென்பொருளை நிறுவிவிட்டுத் திகைத்து நிற்கும் மாணவருக்குக் கணினி ஆய்வகத்தில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இவ்வளவே. சரியாகியும் விடுகிறது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. காரணம் அறியாமல் செய்வதைக் கோயில் வாசலில் பரிகாரம் என்பார்கள்; பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப உதவி என்கிறார்கள்.

காரணம் எளியது. கட்டளையின் பெயரைக் கொடுத்ததும் ஷெல், ‘பாத்’ என்னும் பட்டியலிலுள்ள கோப்புறைகளை வரிசையாகத் தேடுகிறது. ஒவ்வொரு முறையும் தேடுவது வீண்வேலை என்பதால் கண்ட இடத்தைக் குறித்துக்கொள்கிறது. பில் ஜாய் உருவாக்கிய சி ஷெல், தொடக்கத்திலேயே கோப்புறைகளைப் பார்த்து அட்டவணை போட்டுக்கொள்ளும். பின்னர் நிறுவிய கட்டளை, ‘ரீஹேஷ்’ என்று சொல்லும்வரை அதன் கண்ணில் படாது. பேஷ் அப்படியன்று. முற்றிலும் புதிய கட்டளையை அது உடனே கண்டுகொள்ளும். ஒருமுறை ஓடிய கட்டளை இடம் மாறினால்தான் சிக்கல். பழைய இடம் காலியாக இருந்தால் பிழைச்செய்தி வரும். பழையது அங்கேயே இருக்க, புதிய பதிப்பு பட்டியலில் முந்திய கோப்புறைக்கு வந்தால் செய்தியே வராது, பழையதே ஓடும். புதிய ஜன்னலில் பிறக்கும் ஷெல்லுக்கு இந்தப் பழைய நினைவு இல்லை. பரிகாரம் பலிப்பதன் மர்மம் இதுதான்.

மும்பைத் தமிழர் இதற்கு உவமை தேடி அலைய வேண்டியதில்லை. 1976இல், நெருக்கடி நிலையின்போது, பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஜோக்கின் அற்புதம் முதலானோர் போராடியும், ஏறத்தாழ 70,000 பேர் சீத்தா கேம்ப்புக்குப் பெயர்க்கப்பட்டனர். பெயர்கள் அவையே, முகவரி பொய்யாகிப்போனது. பழைய குறிப்பேட்டை நம்பி ஜனதா காலனிக்குப் போகும் அஞ்சல்காரர் யாரைக் காண்பார்? குற்றம் நினைவு வைத்ததில் இல்லை, சரிபார்க்காததில் இருக்கிறது.

ஆய்வில் இதன் விலை பெரிது. ஒருவர் உருபனியல் பகுப்பாய்வியின் புதிய பதிப்பை நிறுவுகிறார். ‘விச்’ கட்டளையிடம் கேட்கிறார். அது தனி நிரல். பேஷின் நினைவை அறியாது. பட்டியலைத் தானே தேடிப் புதியதைக் காட்டும். ஆய்வேட்டில் புதிய பதிப்பெண் ஏறுகிறது. முடிவுகளோ பழையது தந்தவை. ஷெல்லுக்கு உள்ளேயே இருக்கும் ‘டைப்’பைக் கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். ‘ஹேஷ் -ஆர்’ என்ற ஒரு வரி பழைய நினைவைத் துடைத்திருக்கும். பைத்தானின் மெய்நிகர் சூழலைத் தொடங்கும் நிரலிலேயே அந்த வரி இருக்கிறது. அதை எழுதியவர்களுக்குத் தெரிந்தது பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

“மொழியியல் மாணவருக்கு இதெல்லாம் எதற்கு?” என்போர் உண்டு. பெயருக்கும் அது சுட்டும் பொருளுக்கும் உள்ள உறவைப் பருவம் முழுவதும் நடத்துவோரே இப்படிக் கேட்பதுதான் வேடிக்கை. வசதியுள்ள வீட்டு மாணவருக்கு வழிசொல்ல, மென்பொருள் நிறுவனத்தில் ஓர் அண்ணன் இருப்பார். சீத்தா கேம்ப்பிலிருந்து முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகம் வருபவருக்குப் பாடத்திட்டமே அண்ணன். அது வாய்மூடி நின்றால், கருவியின் பிழையைத் தன் தகுதியின்மை என்று எண்ணி அவர் விலகிப்போவார்.

ஆய்வுமுறையியல் தாளில் ஒரு மணிநேரம் போதும். அதையும் தர மனமில்லாதவர்கள், மறுநிகழ்த்தத்தக்க ஆய்வு பற்றிக் கருத்தரங்கம் நடத்துவதையாவது நிறுத்தலாம்.