மண்ணைக் கேட்காமல் மாடி ஏற்றாதீர்கள்

மயூர் விஹார் முதல் பேஸை ஒட்டிச் செல்லும் புஷ்தா சாலையில் நின்றால் ஒரு பக்கம் அடுக்குமாடிகள், மறுபக்கம் ஆற்றின் வெள்ளச் சமவெளியான சில்லா காதரின் காய்கறி வயல்கள். இடையில் இருப்பது வெள்ளத்தைத் தடுக்கும் கரை. அந்தக் கரை நீரைத்தான் பிரிக்கிறது, மண்ணைப் பிரிக்கவில்லை. இரு பக்கமும் யமுனை கொண்டுவந்து கொட்டிய மெல்லிய மணலும் வண்டலும்தான். 2023 ஜூலை 13 அன்று யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டபோது, காதர் விவசாயிகள் இந்தச் சாலையோரத்தில்தான் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள்.

தில்லித் தமிழர்கள் கணிசமாக வாழும் இந்தப் பகுதியின் பழைய குடியிருப்புகளுக்கு இன்று வயதாகிவிட்டது. இடித்து உயர்த்திக் கட்டலாம் என்ற பேச்சு பல சங்கங்களில் எழுகிறது. அது தவறல்ல. தில்லியின் பரப்பு 1,483 சதுர கிலோமீட்டர். அது வளரப் போவதில்லை. ஆனால் எவ்வளவு கட்டலாம் என்பதை விதிகள் மனையின் அளவையும் சாலையின் அகலத்தையும் பார்த்தே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அடியில் இருக்கும் மண் அந்தக் கணக்கில் வருவதில்லை. இதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறோம்.

மண்ணைச் சோதிப்பது பெரிய வித்தை அல்ல. துளையிட்டு ஒரு குழாயை இறக்கி, அதன் மேல் 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிடுகிறார்கள். குழாய் 30 செ.மீ. இறங்குவதற்கு எத்தனை முறை விழுந்தது என்று எண்ணுகிறார்கள். இறுகிய மண்ணில் ஐம்பதைத் தாண்டும். தளர்ந்த ஆற்று மணலில் பத்தைக்கூட எட்டாது. அத்தகைய மணலில் நீரும் ஊறியிருந்தால், நிலநடுக்கத்தில் அது குழம்பாகிவிடும். 1964-இல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிகள் உடையாமலே சாய்ந்து படுத்தது இப்படித்தான். தில்லி இருப்பதோ ஆபத்து மிகுந்த நான்காம் நிலநடுக்க மண்டலத்தில்.

கட்டடம் சரிய நிலம் நடுங்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. 2010 நவம்பர் 15 அன்று, மயூர் விஹாரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், லட்சுமி நகர் லலிதா பார்க்கில் ஐந்து மாடிக் கட்டடம் சரிந்து சுமார் 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள். அந்த ஆண்டு வெள்ளத்தில் கட்டடத்தின் அடித்தளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. விதியை மீறி மாடி ஏற்றியிருந்தார்கள்.

ஆற்று மண்ணில் கட்டவே முடியாதா? முடியும். யமுனைக்குள்ளேயே ஆழமான அஸ்திவாரம் இறக்கி மெட்ரோ பாலத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே மண்ணைப் படித்த பிறகே தூண் எழுந்தது. அந்த ஒழுங்கு சிறிய மனையில் நான்கு மாடி எழுப்பும் பில்டருக்கும் பொருந்த வேண்டும். மனையிலேயே எடுத்த மண் அறிக்கை இல்லாமல் ஒரு மாடிக்கும் அனுமதி தரக்கூடாது. இடத்துக்கு இடம் நடுக்கம் எப்படி மாறும் என்று காட்ட, தலைநகருக்கென்று தயாரித்த நிலநடுக்க நுண்மண்டல வரைபடத்தை தில்லி வளர்ச்சி ஆணையம் (டி.டி.ஏ.) தன் பெருந்திட்டத்தோடு பிணைத்து, தளப்பரப்பு வரம்பை மண்ணுக்கு ஏற்பக் குறைக்கவும் கூட்டவும் வேண்டும். மெட்ரோவுக்கும் மேம்பாலங்களுக்கும் அரசுப் பணத்தில் எடுத்த மண் அறிக்கைகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியாக வேண்டும். நொய்ந்த மண்ணில் நிற்கும் பழைய வீடுகளில் ஏழைகள் இருந்தால், பலப்படுத்தும் செலவில் அரசு பங்கு ஏற்க வேண்டும்.

மயூர் விஹார்வாசிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மறுகட்டுமான ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டு வருபவரிடம், கூடுதலாக எத்தனை சதுர அடி கிடைக்கும் என்று கேட்பதற்கு முன் மண் அறிக்கையைக் கேளுங்கள். அது இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.