மக்கள் பணத்தில் பிறந்த படம் மக்களுக்குச் சொந்தமில்லையா?

மகாகவி பாரதியின் உருவம் பொறித்த அஞ்சல்தலையை மத்திய அரசு 1960-ல் வெளியிட்டது. வ.உ. சிதம்பரனாரின் நூற்றாண்டையொட்டி அவருக்கான அஞ்சல்தலை 1972-ல் வெளிவந்தது. இருவரும் ஒரே போராட்டக் களத்தில் நின்ற தோழர்கள். ஆனால், பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் இவ்விரு அஞ்சல்தலைகளும் ஒன்றல்ல. பாரதியின் அஞ்சல்தலையை 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் யார் வேண்டுமானாலும் படமெடுத்து வெளியிடலாம். வ.உ.சி.யின் அஞ்சல்தலைக்கோ 2032 டிசம்பர் 31 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அது மத்திய அரசின் தனிச் சொத்து.

இணையத்தில் இயங்கும் கலைக்களஞ்சியங்களில் தன்னார்வத்துடன் எழுதுவோர் அன்றாடம் சந்திக்கும் சிக்கல் இது. கட்டப்பட்ட அணை, ஏவப்பட்ட விண்கலம், வெளியிடப்பட்ட நாணயம், மறைந்த தலைவரின் உருவப்படம் என எதைப் பற்றி எழுத முற்பட்டாலும், அரசு உருவாக்கிய படம் ஒன்று தேவைப்படுகிறது. அதைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைப்பதில்லை.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் "அரசுப் படைப்பு" என்று ஒரு வகையை வரையறுத்துள்ளது. அரசு, நாடாளுமன்றம், சட்டப்பேரவை, நீதிமன்றம் ஆகியவற்றால் அல்லது அவற்றின் கட்டுப்பாட்டின் கீழ் உருவாக்கப்பட்டோ வெளியிடப்பட்டோ இருக்கும் படைப்புகள் அனைத்தும் இதில் அடங்கும். வேறு ஒப்பந்தம் ஏதும் இல்லாத நிலையில், அரசுப் படைப்பின் முதல் உரிமையாளர் அரசே என்கிறது 17-வது பிரிவு. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும் என்கிறது 28-வது பிரிவு.

இந்த 60 ஆண்டுக் கணக்கிற்கும் ஒரு வரலாறு உண்டு. முதலில் 50 ஆண்டுகளாகவே இருந்தது. 1941-ல் மறைந்த ரவீந்திரநாத் தாகூரின் படைப்புகள் மீதான உரிமை 1991-ன் இறுதியில் முடிவடைய இருந்தபோது, அதை நீட்டிக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. முதலில் அவசரச் சட்டம் மூலமும், பின்னர் 1992-ல் சட்டத் திருத்தம் மூலமும் காலவரம்பு 10 ஆண்டுகள் கூட்டப்பட்டது. ஒரு கவிஞரின் படைப்புகளை முன்னிட்டுத் திறந்த கதவின் வழியே, அரசின் உரிமையும் சேர்ந்து நீண்டது. தாகூரின் எழுத்துகள் மூலம் கிடைத்த வருவாய் ஒரு நிறுவனத்துக்கு உதவியது என்று வாதிடலாம். ஒரு பழைய அஞ்சல்தலையின் படத்தைப் பூட்டிவைப்பதால் அரசுக் கருவூலத்துக்கு என்ன வரப்போகிறது?

விதிவிலக்குகளே இல்லை என்று கூற முடியாது. அரசிதழில் வெளியானவை, நாடாளுமன்றச் சட்டங்கள், அவையில் தாக்கல் செய்யப்பட்ட குழு அறிக்கைகள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றை உரிய நிபந்தனைகளுடன் மறுபதிப்புச் செய்ய 52-வது பிரிவு அனுமதிக்கிறது. பொது இடத்தில் நிலையாக அமைந்துள்ள சிற்பத்தைப் படமெடுத்து வெளியிடவும் தடையில்லை. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் 2022 ஜூலையில் திறந்துவைக்கப்பட்ட சிங்க முகச் சின்னத்தைத் தெருவில் நின்று ஒருவர் படமெடுத்து வெளியிட்டால், பதிப்புரிமை மீறல் ஆகாது. ஆனால், அதே சின்னத்தை அரசின் புகைப்படக்காரர் எடுத்த படத்தை வெளியிட்டால் கேள்வி எழும். அரசின் சொற்களுக்குக் கிடைத்த விடுதலை, அரசின் படங்களுக்குக் கிடைக்கவில்லை.

"நியாயமான பயன்பாடு" என்ற பாதுகாப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்கச் சட்டத்தில் அது திறந்த கோட்பாடு. பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்தாண்ட அளவு, சந்தையில் ஏற்படும் பாதிப்பு ஆகிய நான்கையும் சீர்தூக்கிப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். இந்தியச் சட்டம் அத்தகையது அல்ல. ஆய்வு உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாடு, திறனாய்வு, நடப்புச் செய்திகளை வெளியிடுதல் என்று பொது நோக்கங்கள் சிலவற்றை மட்டுமே பட்டியலிடுகிறது. அதற்கப்பால் வகுப்பறைப் பயன்பாடு போன்ற தனித்தனி விதிவிலக்குகள் உள்ளன. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் கணினி நிரல் நீங்கலான எல்லாப் படைப்புகளுக்கும் இதை விரிவாக்கிய போதிலும், பட்டியல் பட்டியலாகவே நீடிக்கிறது. பொதுமக்களுக்கான கலைக்களஞ்சியம் என்ற சொல் அதில் இல்லை.

இதன் விளைவு விசித்திரமானது. விக்கிப்பீடியாவின் பொதுப் படக்களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ், நியாயமான பயன்பாடு என்ற வாதத்தை ஏற்பதே இல்லை. முழுமையாகக் கட்டற்ற படங்களை மட்டுமே அது அனுமதிக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியா போன்றவை, குறைந்த தெளிவுடன், குறிப்பிட்ட கட்டுரையில் மட்டும், மாற்றுப் படம் கிடைக்காத நிலையில் என்ற கடும் நிபந்தனைகளுடன் சில படங்களை ஏற்கின்றன. அந்த ஏற்பாடும் அமெரிக்கச் சட்டத்தின் நிழலில் நிற்பது. மதுரையிலோ, தில்லியிலோ அமர்ந்து படத்தைப் பதிவேற்றும் தன்னார்வலர் இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டவர். அவருக்கு அந்த நிழல் எட்டுமா என்பதை எந்த அரசாணையும் தெளிவுபடுத்தவில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. மத்திய அரசு ஊழியர்கள் தமது பணியின் பகுதியாக உருவாக்கும் படைப்புகளுக்கு அந்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. 1969-ல் மனிதன் நிலவில் கால்பதித்தபோது எடுக்கப்பட்ட படங்கள் உலகின் எல்லா மொழிகளிலும் பாடநூல்களில் இடம்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதி அருகே இறங்கி இந்தியாவுக்குப் பெருமை சேர்த்தது. அந்த ஆண்டில் வெளியான அதன் படங்களுக்கு, தனி உரிமம் அளிக்கப்படாத இடத்தில், 2083-ன் இறுதி வரை பதிப்புரிமை உண்டு.

இந்தியத் தலைவர்கள் பலரைப் பற்றிய இணையக் கட்டுரைகளில் வெள்ளை மாளிகை, ரஷிய அதிபர் மாளிகை, பிரேசில் அரசின் செய்தி நிறுவனம் ஆகியவை எடுத்த படங்கள் இடம்பெற்று வந்துள்ளன. அந்த அரசுகள் தமது படங்களைத் தாராளமாக வழங்கியதே இதற்குக் காரணம். தமது நாட்டின் பிரதமரை அயல்நாட்டு அரசின் கேமரா வழியாகப் பார்க்க வேண்டிய நிலை இந்தியக் குடிமகனுக்கு ஏன் வர வேண்டும்?

மத்திய அரசு எதுவுமே செய்யவில்லை என்பதும் நியாயமாகாது. 2012-ல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வகுக்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் அரசுத் திறந்த தரவு உரிமம் அரசிதழில் வெளியிடப்பட்டது. இந்த உரிமத்தின் கீழ் வரும் தரவுகளை, மூலத்தைக் குறிப்பிட்டு, கட்டணமின்றி, வணிக நோக்கிலும் பயன்படுத்தலாம். வரவேற்கத்தக்க முன்னேற்றம் அது. ஆனால், பெயர்கள், இலச்சினைகள், அதிகாரபூர்வச் சின்னங்கள், படைத்துறை அடையாளங்கள் ஆகியவை உரிமத்தின் வரம்பிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. பிரிட்டன் 2010-ல் அறிமுகப்படுத்திய அரசு உரிமத்திலும் இத்தகைய விலக்குகள் உண்டு. எனவே, அரசே வடிவமைத்த படங்கள்தாம் உரிமத்துக்கு வெளியே நிற்கின்றன. 2022 செப்டம்பர் 2-ல் கொச்சியில் அறிமுகம் செய்யப்பட்ட கடற்படையின் புதிய கொடி, அடிமைச் சின்னத்தைக் களைந்ததாகப் பெருமையுடன் பேசப்பட்டது. அந்தக் கொடியின் வடிவமைப்பு அரசுப் படைப்பாகக் கருதப்பட்டால், 2082 வரை அதற்குப் பூட்டு உண்டு.

அரசு இணையதளங்களின் அறிவிப்புகளும் ஒரே குரலில் பேசவில்லை. மூலத்தைக் குறிப்பிட்டு இலவசமாக மறுபதிப்புச் செய்யலாம் என்கிறது ஒரு துறை. மின்னஞ்சல் அனுப்பி முன் அனுமதி பெற வேண்டும் என்கிறது இன்னொரு துறை. உரிமையாளர் ஒரே இந்திய அரசுதான். வாசலுக்கு வாசல் விதி மட்டும் மாறுகிறது.

சின்னங்களைத் திறந்துவிட்டால் மோசடி பெருகும் என்பது அதிகாரிகள் தரப்பில் கூறப்படும் முக்கிய அச்சம். அந்த அச்சம் பொய்யானது அல்ல. போலி அடையாள அட்டையில் சிங்க முகத்தை அச்சிட்டு ஏமாற்றுவோர் இருக்கிறார்கள். ஆனால், அதைத் தடுப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் வேலை அல்ல. அதற்காகவே 1950-ல் சின்னங்கள், பெயர்கள் முறைகேடாகப் பயன்படுத்துதல் தடுப்புச் சட்டமும், 2005-ல் இந்திய அரசு இலச்சினைக்கான தனிச் சட்டமும் நிறைவேற்றப்பட்டன. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலச்சினையை முறைகேடாகப் பயன்படுத்துவோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். 1950-ல் ஏற்கப்பட்ட இலச்சினையின் மூல வடிவத்துக்குப் பதிப்புரிமைக் காலம் 2010-ன் இறுதியிலேயே கடந்துவிட்டது. அதனால் இலச்சினையின் மதிப்பு குறைந்துவிட்டதா? மோசடிக்காரர்களுக்கு உரிமை கிடைத்துவிட்டதா? இல்லை. பதிப்புரிமை போனாலும் பாதுகாப்பு போகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் இத்தகைய மோதல் நடந்தது. 2010-ல் அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., விக்கிப்பீடியாவில் உள்ள தனது முத்திரையின் படத்தை நீக்குமாறு கடிதம் எழுதியது. ஏமாற்றும் நோக்குடன் முத்திரையைப் பயன்படுத்துவதைத் தடுப்பதே சட்டத்தின் குறிக்கோள். கலைக்களஞ்சியத்தில் விளக்கப் படமாக வெளியிடுவதை அது தடுக்காது என்று விக்கிமீடியா அறக்கட்டளை பதிலளித்தது. படம் நீக்கப்படவில்லை. சின்னத்தைக் காட்டுவது வேறு, சின்னத்தைக் காட்டி ஏமாற்றுவது வேறு என்ற அடிப்படை வேறுபாடே இங்கு முக்கியம்.

இதில் இன்னொரு முரணும் உண்டு. 1996 ஜனவரி 1 அன்று தாய்நாட்டில் பதிப்புரிமை நீடித்த அயல்நாட்டுப் படைப்புகளுக்கு அமெரிக்கா தனது சட்டத்தில் மீண்டும் உரிமை அளித்தது. அந்தக் கணக்குப்படி, 1960-ஆம் ஆண்டின் பாரதி அஞ்சல்தலைக்கு அந்நாட்டில் 2055 வரை பாதுகாப்புக் கோர முடியும். தனது அரசின் படங்களுக்கு உரிமை கோராத நாடு, இந்திய அரசின் படத்துக்கு 95 ஆண்டுகள் காவல் நிற்கிறது. அந்தக் காவல் தேவையில்லை என்று சொல்லும் அதிகாரம் தில்லிக்கு மட்டுமே உண்டு.

தமிழகத்துக்கு இந்த விவாதம் அந்நியமானது அல்ல. பாரதியின் படைப்புகளுக்கான உரிமையை 1949-ல் சென்னை மாகாண அரசு பெற்று, பின்னர் அதை மக்களுக்கே வழங்கியது. அதன் தொடர்ச்சியாகத் தமிழறிஞர்கள் பலரின் நூல்களை, மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை அளித்து, தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கி வருகிறது. அவற்றில் பல இன்று தமிழ் விக்கிமூலத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. தனி மனிதரின் உழைப்பைப் பணம் கொடுத்து வாங்கி மக்களுக்கு அளிக்கும் மரபு கொண்ட நாட்டில், மக்கள் வரிப்பணத்தில் உருவான படங்களை மக்களுக்கு அளிக்கத் தயங்குவது எவ்வாறு பொருந்தும்?

2010 ஜூலை 15-ல் மத்திய அமைச்சரவை ஏற்ற ரூபாய்க் குறியீட்டை எண்ணிப் பார்க்கலாம். அதை வடிவமைத்தவர் தமிழரான டி. உதயகுமார். அதே ஆண்டில் அது யூனிகோடில் இடம்பெற்றது. மளிகைக் கடைப் பலகை முதல் கணினி விசைப்பலகை வரை இன்று எங்கும் காணப்படுகிறது. ஒவ்வொருவரும் அனுமதிக் கடிதம் எழுத வேண்டியிருந்தால் அந்தக் குறியீடு இந்த அளவுக்குப் பரவியிருக்குமா? அரசின் வடிவமைப்பு வெற்றி பெறுவது, மக்கள் அதைத் தமதாக்கிக் கொள்ளும்போதுதான்.

நாடாளுமன்றத்தின் கவனம் இத்திசையில் திரும்பவில்லை. வர்த்தகத்துக்கான நிலைக்குழு 2021 ஜூலையில் அளித்த அறிவுசார் சொத்துரிமை அறிக்கை 52-வது பிரிவைத் தொட்டது உண்மை. ஆனால், அதன் அக்கறை கல்வி நிறுவனங்களில் நகலெடுப்பதற்கு வரம்பு விதிப்பதில் இருந்தது. செயற்கை நுண்ணறிவையொட்டிப் பதிப்புரிமைச் சட்டத்தை ஆராய 2025-ல் மத்திய அரசு குழு அமைத்தது. தனியார் படைப்புகளுக்கு யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பேசப்படும் நேரத்தில், அரசின் சொந்தப் படைப்புகள் குறித்துக் கேள்வி கேட்பார் இல்லை.

தீர்வு கடினமானது அல்ல. தனியாரிடமிருந்து பெற்ற படங்கள், பாதுகாப்பு தொடர்பானவை, குடிமக்களின் அந்தரங்கத்தைப் பாதிப்பவை ஆகியவற்றை விலக்கி வைக்கலாம். எஞ்சிய புகைப்படங்கள், அஞ்சல்தலைகள், வரைபடங்கள், சின்னங்கள் ஆகியவற்றைக் கல்வி, தகவல் நோக்கில் எவரும் வெளியிடலாம் என்று 52-வது பிரிவில் ஒரு உட்பிரிவைச் சேர்க்கலாம். அதற்குக் காலம் பிடிக்கும் என்றால், உரிமையாளர் உரிமம் வழங்க 30-வது பிரிவு இடமளிக்கிறது. அதன்படி பொது உரிமம் ஒன்றை அரசிதழில் அறிவித்தால் போதும், மசோதாவே தேவையில்லை. முறைகேட்டைத் தடுக்கும் சின்னச் சட்டங்கள் அப்படியே நீடிக்கட்டும். மாநில அரசுகளும் இதைப் பின்பற்றலாம்.

பதிப்புரிமை என்பது படைப்பாளியின் வயிற்றுப்பாட்டைக் காக்கப் பிறந்த உரிமை. அரசுக்கு அந்தக் கவலை கிடையாது. அதன் படைப்புக்கான கூலியை மக்கள் முன்கூட்டியே செலுத்திவிட்டார்கள். வெள்ளையரின் கப்பலுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் விட்டவர் வ.உ.சி. அவருடைய அஞ்சல்தலையை ஒரு பள்ளி மாணவன் தன் மொழிக் கலைக்களஞ்சியத்தில் காண 2032 வரை காத்திருக்க வேண்டும் என்று சுதேசி அரசே சொல்வது பொருத்தமாக இல்லை.