பார்ப்பதற்கும் கூலி கொடுங்கள்

பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது: "காலையில் ஒரே சாவியில் எடுக்குது. சரக்கை இறக்கிட்டு, டீ குடிச்சிட்டு வந்து திருப்பினா எடுக்க மாட்டேங்குது. ஒரு மணி நேரம் ஆறவிட்டா மறுபடி எடுக்குது."

இந்த மூன்று வரியிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். பட்டறையில் முப்பது வருஷம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் இதைக் காது கொடுத்துக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். கேட்பதற்கு முன்பே ஸ்பானர் கைக்கு வந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போகும் தம்பி ஒருவர் இருக்கிறார். இதே புகாருக்குப் பேட்டரி, செல்ஃப், ஹீட்டர் பிளக் மூன்றும் மாற்றிவிட்டார்கள். குறை அப்படியே இருந்தது. கடைசியில் எஞ்சினையே இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வண்டியை அணைக்கவே பயந்து, சரக்கு இறக்குகிற நேரமெல்லாம் ஓடவிட்டு டீசலை எரித்துக்கொண்டிருந்தார். "ஐயா, வட்டிக்கு வாங்கித்தான் எஞ்சின் வேலை பார்க்கணும்" என்றார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஹீட்டர் பிளக் வேலை செய்வது குளிர்ந்த எஞ்சினுக்கு. சூடான எஞ்சினில் அதற்கு என்ன வேலை? கம்ப்ரஷன் குறைந்திருந்தால் காலைக் குளிரில்தான் அதிகம் அடம் பிடிக்கும். டீசல் லைனில் காற்று புகுந்தாலும் பெரும்பாலும் இராத்திரி முழுக்க நின்ற பிறகுதான் தகராறு வரும். காலையில் நன்றாக எடுக்கிற வண்டிக்கு இவை மூன்றும் முதல் சந்தேகமாக இருக்கக்கூடாது.

முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சூட்டில் சாவியைத் திருப்பும்போது செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது?

முக்கி முக்கிச் சுற்றினால் கரண்ட் பக்கம் பாருங்கள். சூடேறினால் செம்புக் கம்பியில் தடை கூடும். 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய கால் பங்கு அதிகம். அதோடு எர்த் கேபிளிலும் துரு இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அதற்கு உப்புத்தாளும் பத்து நிமிஷமும் போதும்.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் எடுக்கவில்லை என்றால் டீசல் பக்கம் போக வேண்டும். முதலில் சாவியைப் போட்டதும் பம்பில் இருக்கும் ஸ்டாப் சொலினாய்டு 'டிக்' என்கிறதா என்று கேளுங்கள். சூட்டில் மட்டும் வேலை நிறுத்தம் செய்யும் சொலினாய்டுகள் உண்டு. அது சரியாக இருந்தால் பம்ப். பழைய ரோட்டரி பம்பின் உள்ளே ரோட்டர் தேய்ந்துவிட்டால், சூட்டில் நீர்த்துப்போன டீசல் அந்த இடைவெளியில் கசிந்துவிடும். எஞ்சின் ஓடும்போது வேகத்தில் அது தெரியாது. செல்ஃப் சுற்றும் குறைந்த வேகத்தில் போதுமான அழுத்தம் வராது.

சோதிப்பது சுலபம். வண்டியை அணைத்துவிட்டு, ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுப் பத்து நிமிஷம் வையுங்கள். அதன் பிறகு எடுத்தால் பம்ப் மேல் சந்தேகம் உறுதியாகிறது. பம்ப் ஓடும்போது குளிர்ந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், உள்ளே பிடித்துக்கொள்ளும். அம்பாசிடர் ஓட்டிய நம் தலைமுறைக்கு ஈரத்துணி புதிதல்ல. அங்கே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்தது. இங்கே டீசல் நீர்த்துக் கசிகிறது. வைத்தியம் ஒன்று, நோய் வேறு.

தம்பியின் வண்டி ஈரத்துணிக்குப் பிறகு எடுத்துவிட்டது. பம்பை மட்டும் கழற்றி, பெஞ்சில் போட்டுப் பார்க்கும் கடையில் கொடுத்தோம். எஞ்சினில் யாரும் கை வைக்கவில்லை.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லி இதை முடிக்க எனக்கு மனமில்லை. அரை மணி நேரம் யோசித்து, "எர்த் கேபிள்தான் லூஸ், வேற ஒண்ணுமில்ல" என்று அவர் சொன்னால், "இதுக்கா காசு?" என்று கேட்கும் வண்டிக்காரர்கள்தான் அதிகம். அதையே ஒரு பாகத்தை மாற்றிவிட்டுப் பில் போட்டால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள். டாக்டர் பார்த்ததற்கு ஃபீஸ் உண்டு, மெக்கானிக் பார்த்ததற்கு இல்லை. பிறகு அவர் பாகம் விற்காமல் என்ன செய்வார்?

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது எத்தனை நிமிஷம் நின்ற பிறகு எடுக்கவில்லை, செல்ஃப் எப்படிச் சுற்றியது, புகை வந்ததா என்ற மூன்றையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். "எதையும் மாத்துறதுக்கு முன்னாடி பாருங்க, பார்க்கிறதுக்குத் தனியாக் கூலி தர்றேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னபடி கொடுத்தும் விடுங்கள்.